வடகரை வரலாறு – 17: பளிச்சென்று போனதைப் பிடித்தவர்கள்

சென்ற இதழில், 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா பக்கம் கிளம்பிய ரயிலைப் பார்த்தோம். ரயில் வந்துவிட்டால் பொது நேரமும் கூடவே வந்தாக வேண்டும். ஊருக்கொரு மணி வைத்துக்கொண்டு தண்டவாளத்தில் வண்டி விட முடியாது. நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக் கடிகாரம் காட்டிய நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய நேரம், 1870 முதல் ‘மெட்ராஸ் டைம்’ என்று இந்திய ரயில்களுக்கெல்லாம் பொதுவானது. அதைத் தனியாக ஒரு இதழில் விரிவாகப் பார்க்கலாம். இந்த வாரம் அந்த வானாய்வகத்திலேயே, ரயிலுக்கு முப்பத்தைந்து வருஷம் முன்னால் நடந்த ஒரு வேலையில் தொடங்கி, மெட்ராஸ்காரர்கள் சிலர் வந்துபோகும் ஒரு விசித்திரமான கேமராவின் கதைக்குப் போகப்போகிறோம். வழியில் திருவொற்றியூர் புல்லட் என்ஜினும் வரும்.

1820-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டி வரவேண்டும். புனித ஜார்ஜ் கோட்டையில் விடியற்காலையில் ஒரு பீரங்கி, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பீரங்கி. பரங்கிமலையிலும் அப்படியே. ராயபுரத்துக்கு நேரே நிற்கும் கப்பலின் மாலுமி, எட்டு மணிப் பீரங்கியை வைத்துத் தன் கடல் கடிகாரத்தைச் சரிபார்க்க நினைத்தால் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்? சத்தத்தையா, கோட்டைச் சுவர் மேல் தெரியும் பளிச்சையா?

கோட்டைக்கும் ராயபுரத்துக்கும் சுமார் மூன்று கிலோமீட்டர். சத்தம் வந்து சேர ஒன்பது விநாடி ஆகும். கடலில் ஒரு விநாடிப் பிழை, சென்னையின் அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 450 மீட்டர் பிழை. ஆக, காதை நம்பிக் கடிகாரம் வைத்த மாலுமி, கப்பலை வரைபடத்தில் நாலு கிலோமீட்டர் தள்ளிக் குறித்திருப்பான். இன்னும் வடக்கே, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வாசலில் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தால் இருபத்தாறு விநாடி போய்விடும். கண்ணை நம்புகிறவனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பளிச்சென்று தெரிந்த கணம்தான் எட்டு மணி.

இந்த இடைவெளியை மெனக்கெட்டு அளந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர். அவர் செய்யாத வேலை இல்லை என்றே சொல்லலாம்: இன்று ராஜாஜி ஹால் என்று நாம் கூப்பிடும் விருந்து மண்டபத்தைக் கட்டியவர் அவர், கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விதையான நில அளவைப் பள்ளியை நடத்தியவர் அவர், மெட்ராஸின் தீர்க்கரேகையை நிர்ணயித்தவரும் அவரே. மெட்ராஸ் டைமே அந்தத் தீர்க்கரேகையிலிருந்து வந்ததுதான்.

வானாய்வகத்திலிருந்து கோட்டைப் பீரங்கி ஏறக்குறைய 13,900 அடி. பரங்கிமலைப் பீரங்கி 29,500 அடி. ஒன்று கிழக்கே, இன்னொன்று தென்மேற்கே. கம்பெனியின் பட்டாளம் தன் பாட்டுக்குத் தினமும் சுட்டுக்கொண்டிருந்தது. செலவு ஒரு பைசா கிடையாது. வானாய்வகத்திலிருந்து பளிச் தெரிந்ததும் க்ரோனோமீட்டரின் தட்டல்களை எண்ணத் தொடங்கி, சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். கோட்டைக்குப் பன்னிரண்டு விநாடிச் சொச்சம், மலைக்கு இருபத்தாறு விநாடி. கூடவே வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றின் ஈரம், காற்றடிக்கும் திசை எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். 1820, 1821 ஆண்டுகளில் நாள்தோறும் இதே வேலை. 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அந்த அட்டவணைகள் வந்தன.

அந்த அட்டவணைகளை வரிவரியாகப் படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் மாதச் சராசரிகளைப் பார்த்தால் மெட்ராஸின் பருவங்கள் கண்ணில் தெரியும். டிசம்பர், ஜனவரியில் சத்தம் விநாடிக்கு 1,100 அடி அளவில் நடக்கிறது. வெயில் ஏற ஏற வேகமும் ஏறி, ஜூலையில் 1,160 அடியைத் தாண்டுகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு திரும்ப இறங்குகிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதை மெட்ராஸ் வெயிலே நிரூபித்துக் காட்டிய பட்டியல் அது. ஐரோப்பாவில் ஒரு சில ராத்திரிகள் பீரங்கி சுட்டுச் செய்த சோதனைகளில், வருஷம் முழுக்க விரிந்த இப்படியொரு பதிவு கிடைக்க வழியில்லை. என்னைக் கேட்டால், மெட்ராஸ் வானாய்வகத்தின் நட்சத்திரப் பட்டியல்களைவிட இந்த வேலை சுவையானது.

இதில் நமக்கு வேண்டியது வேறு. கோல்டிங்ஹாம் பளிச் கிளம்பிய கணத்தையும், அது தன் கண்ணில் பட்ட கணத்தையும் ஒன்றாகவே வைத்தார். ஒளி பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் வர எடுக்கும் நேரம் ஒரு விநாடியில் லட்சத்தில் மூன்று பங்கு. டிக் டிக்கென்னும் கடிகாரத்துக்கு அது பூஜ்ஜியம்தான். அவர் செய்தது சரி. ஆனால் கேள்வி அப்படியே நின்றது: அந்தப் பளிச் எவ்வளவு நேரம் இருந்தது? ஒளி தொடங்கி, வளர்ந்து, அடங்கியதற்கு இடையே உள்ள நேரத்தை எந்தக் கடிகாரம் அளக்கும்?

பதில் 1834-இல் லண்டனில் கிடைத்தது. சார்லஸ் வீட்ஸ்டன் விநாடிக்கு 800 தடவை சுற்றும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து மின்பொறியைப் பார்த்தார். கண்ணாடி அசையாமல் இருந்தால் பொறி ஒரு புள்ளியாகத் தெரியும். கண்ணாடி சுற்றும்போது, பொறி கொஞ்ச நேரம் நீடித்தால் அதன் பிம்பம் கோடாக இழுபடும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் பொறி இருந்தது என்று கணக்கு. மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லெய்டன் ஜாடியின் பொறி கோடாகவே இழுபடவில்லை. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட அது நீடிக்கவில்லை என்று முடிவு கட்டினார். அதே கருவியால் கம்பியில் மின்சாரம் போகும் வேகத்தையும் அளந்து, விநாடிக்கு 2,88,000 மைல் என்று ஒளியையே மிஞ்சும் எண்ணைச் சொன்னார். எண் பிழை, யோசனை பிழையில்லை.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், திருவொற்றியூர் ஹைரோட்டில் குழாய் ஒழுகியபடி போகும் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி ஒரே வேகத்தில் போகிறதென்றால், ரோட்டில் விழுந்த ஈரத்தைப் பார்த்தே எப்போது அதிகம் ஒழுகியது, எப்போது நின்றது என்று சொல்லிவிடலாம். லாரியைப் பார்த்திருக்கவே வேண்டாம். நேரம் முழுக்க ரோட்டில் நீளமாக விரிந்து கிடக்கிறது. வேகமான வெளிச்சத்தை அளக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இவ்வளவுதான்: நேரத்தைத் தூரமாக மாற்று, பிறகு ஸ்கேல் வைத்து அள.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு முழுக் காட்சியை இப்படி இழுத்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். அதனால் காட்சிக்கு முன்னால் ஒரு மெல்லிய பிளவை வைத்து, ஒரே ஒரு கோட்டை மட்டும் உள்ளே விட வேண்டும். அந்தக் கோடு படத்தில் ஒரு திசை. நேரம் இன்னொரு திசை. மீதிக் காட்சி முழுவதையும் விட்டுக்கொடுத்தால்தான் நேரம் கைக்கு வரும். இந்தப் பேரத்தை மனசாரச் செய்தவர்கள்தான் இந்தக் கதையில் ஜெயித்தார்கள்.

அவர்களில் ஒருவர் மெட்ராஸ் மாநிலக் கல்லூரி மாணவர். 1906-இல், பதினெட்டு வயதில், செவ்வகப் பிளவு ஒன்றின் வழியே ஒளி வளைவதைப் பற்றி எழுதிய கட்டுரையை லண்டன் ‘ஃபிலசாஃபிகல் மேகஸின்’ வெளியிட்டது. பெயர் சி.வி. ராமன். அடுத்த வருஷம் எம்.ஏ. முடித்து, கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். ஆபீஸுக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் தந்திகளுக்குப் போயிற்று.

வயலின் தந்தி வில் பட்டு அதிரும்போது என்ன செய்கிறது? கண்ணுக்கு ஒரு மங்கல் பட்டைதான் தெரியும். ராமன் தந்திக்குக் குறுக்காக ஒளியூட்டிய மெல்லிய பிளவு ஒன்றை வைத்தார். வெளிச்சக் கோட்டின் நடுவில் தந்தியின் நிழல் ஒரு கரும்புள்ளி. அந்தக் கோட்டை ஒரு லென்ஸ் போட்டோத் தட்டில் விழச் செய்யும்; தட்டு பக்கவாட்டில் சீராக நகரும். தந்தி மேலும் கீழும் போகப் போக, புள்ளி தட்டில் வளைகோடாக விரிகிறது. வில்லோடு ஒட்டிக்கொண்டு தந்தி சாவகாசமாகப் போகும் சாய்வும், சட்டென்று வழுக்கித் திரும்பும் செங்குத்தும் தெளிவாக விழும். இப்படிப் பதிந்த அதிர்வு வளைவுப் படங்களைப் பற்றி 1911-இல் எழுதினார். வில் இழுக்கும் தந்திகளின் முழுக் கோட்பாட்டை 1918-இல் கொண்டுவந்தார். கை சீராக இருக்காது என்று வயலினை வாசிக்க ஒரு இயந்திரத்தையே 1920-இல் செய்துவைத்தார். பிளவு, நகரும் தட்டு, நேரம் ஒரு திசையில். வெளிச்சத்தை இப்படி நேரத்தோடு இழுத்துப் பதியும் கருவிக்கு ஸ்ட்ரீக் கேமரா என்று பெயர்; அதன் எலும்புக்கூடு இதுதான். ராமன் என்றால் நோபல் பரிசு, கடல் நீலம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்போம். இந்தத் தட்டுகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இனி நம்ம ஏரியாவுக்கு வருவோம்.

புல்லட் வைத்திருந்தவர்களுக்கு ‘நாக்கிங்’ தெரியும். பாரம் ஏற்றி மேம்பாலம் ஏறும்போது என்ஜினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி சத்தம். மெக்கானிக்கிடம் போனால் “டைமிங் அட்வான்ஸ் ஆயிடுச்சு, பாயின்ட்டை செட் பண்ணணும்” என்பார். இல்லையென்றால் பெட்ரோலைத் திட்டுவார். இரண்டுமே சரி. 1955-லிருந்து என்ஃபீல்ட் இந்தியாவின் வண்டிகள் இந்தத் திருவொற்றியூர்ப் பக்கத்தில்தான் உருவாயின. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம், 346 சி.சி. கொண்ட அந்த ஒற்றை சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது?

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. பிளக் பொறி அடித்ததும் தீ அங்கிருந்து கிளம்பி மறு ஓரம் போய்ச்சேர, கிராங்க் சுமார் ஐம்பது டிகிரி திரும்பும் நேரம், அதாவது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. எல்லாம் ஒழுங்காக இருந்தால் தீ ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வரிசையாகப் பரவும். நாக்கிங் வரும்போது, தீ போய்ச்சேருவதற்கு முன்பே, மூலையில் நசுங்கிக் கிடக்கும் மீதிக் கலவை தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கிறது. அந்த அடிதான் சத்தம்.

இதை ஊகமாகச் சொல்லாமல் படமாகக் காட்டியவர்கள் லாயிட் வித்ரோவும் டி.ஏ. பாய்டும். 1931-இல், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில். சிலிண்டர் தலையில் குறுக்கே நீளமான ஒரு குவார்ட்ஸ் ஜன்னல் வைத்தார்கள், பிளவு வடிவில். அதன் பிம்பம் சுற்றும் உருளையில் ஒட்டிய ஃபிலிமில் விழும். ஒழுங்கான எரிதலில் தீயின் விளிம்பு ஃபிலிமில் ஒரு சாய்கோடாக ஏறுகிறது. சாய்வைக் கொண்டே தீயின் வேகத்தைச் சொல்லிவிடலாம். நாக்கிங் வந்த எரிதலில் அந்தச் சாய்கோடு முக்கால்வாசி தூரம் ஏறிவிட்டு, மீதி இடம் முழுக்க ஒரே கணத்தில் வெள்ளையாகிவிடுகிறது. மெக்கானிக் காதால் கேட்டதை ஃபிலிம் கண்ணுக்குக் காட்டியது. சுரங்கத்து வாயு வெடிப்புகளை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர்கள் மல்லார்டும் லெ ஷாதெலியேயும் 1880-களிலேயே கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் தீயை இப்படி உருளையில் பதித்திருந்தார்கள். என்ஜினுக்குள் கொண்டுவந்தது வித்ரோவும் பாய்டும்.

பாய்டு யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாக்கிங்கை அடக்கப் பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921-இல் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லியின் கூட்டாளி அவர். அந்த ஈயம் ஏறக்குறைய நூறு வருஷம் உலகத்தின் நுரையீரலில் போயிற்று. இந்தியா முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் மட்டுமே என்று ஆனது 2000 பிப்ரவரியில்தான். ஈயத்தை எடுத்துவிட்டால், பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவான ஆக்டேனை வேறு வழியில் ஏற்ற வேண்டும். அது ரிஃபைனரியின் தலையில் விழும் வேலை. 1965-இல் தொடங்கப்பட்டு 1969-இல் மணலியில் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் போன்ற ஆலைகளின் சோதனைக்கூடங்களில், பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைச் சொல்ல இன்றும் ஒற்றை சிலிண்டர் என்ஜினில் ஊற்றி ஓட்டி, நாக்கிங் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மணலியில் காய்ச்சுவது, திருவொற்றியூரில் எரிவது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்த மூன்று மில்லி விநாடி.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன ஆலையின் கதை டீசல் கதை. தீ பற்றும் முறையே வேறு. அதை இங்கே இழுக்கவில்லை.

மில்லி விநாடிக்கு ஃபிலிம் உருளை போதும். மைக்ரோ விநாடிக்குச் சுற்றும் கண்ணாடி போதும். அதற்கு மேல் உலோகம் தாங்காது. எந்தக் கண்ணாடியையும் ஒரு அளவுக்கு மேல் சுற்றினால் அது சிதறிவிடும். கண்ணாடியை விட்டுவிட்டு எலெக்ட்ரானை வளை என்ற யோசனை 1949-இல் கேம்பிரிட்ஜில் வெடிமருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்த கோர்ட்னி பிராட்டிடமிருந்து வந்தது. 1950-களில் மாஸ்கோவில் ஸவோய்ஸ்கியும் ஃபான்செங்கோவும் அதன் கணக்கைப் போட்டு, கொள்கையளவில் ஒரு விநாடியை நூறு லட்சம் கோடியாக வெட்டலாம் என்று காட்டினார்கள். அவசியம் வந்தது லேசருக்குப் பிறகு. 1960-இல் லேசர் பிறந்தது; பத்து வருஷத்துக்குள் பிக்கோ விநாடி துடிப்புகள் வந்துவிட்டன. பிக்கோ என்றால் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி 0.3 மில்லிமீட்டர்தான் நகரும். துடிப்பு இருக்கிறது, அளக்கக் கருவி இல்லை என்ற நிலை. 1971-இல் பெல்ஃபாஸ்டில் டேனியல் பிராட்லியின் குழுவும், ஒட்டாவாவில் ஷெலேவ், ரிச்சர்ட்சன், ஆல்காக் மூவரும் தனித்தனியாக அந்த எல்லையை எட்டினார்கள்.

எலெக்ட்ரானை வளைக்கும் இந்த ஸ்ட்ரீக் கேமராவின் குழாய்க்குள் போய்ப் பார்ப்போம். முன்னால் தலைமுடிக்கும் மெல்லிய பிளவு. அதன் வழியே வந்த ஒளிக்கோடு ஒளி எதிர்மின்வாய் என்னும் பூச்சின் மேல் விழுகிறது. ஒளி பட்ட இடத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. முதலில் வந்த ஒளிக்கு முதல் எலெக்ட்ரான்கள், பின்னால் வந்த ஒளிக்குப் பின்னால். ஒளியின் ஏற்றத்தாழ்வு அப்படியே எலெக்ட்ரான் கூட்டமாக நகல் ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான வோல்ட் அவற்றைப் பிடித்து இழுக்கிறது. போகிற வழியில் மேலும் கீழும் இரண்டு தகடுகள். அவற்றுக்கு இடையே வோல்டேஜ் மின்னல் வேகத்தில் ஏறுகிறது. முந்தி வந்த எலெக்ட்ரான் கொஞ்சம் வளைகிறது, பிந்தி வந்தது அதிகம் வளைகிறது. எதிரே ஒளிரும் திரையில் முந்தியது மேலே, பிந்தியது கீழே என்று விழுகின்றன. ஒன்றரை சென்டிமீட்டர் திரையை 0.2 நானோ விநாடியில் கடக்கும்படி வைத்தால், திரையில் 0.15 மில்லிமீட்டர் என்பது இரண்டு பிக்கோ விநாடி. ஸ்கேல் வைத்துப் படிக்கலாம். பிளவு அப்படியே இருக்கிறது. ராமனின் தட்டு நகர்ந்த இடத்தில் வோல்டேஜ் நகர்கிறது.

பலவீனங்களும் உண்டு. பூச்சிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒரே வேகத்தில் கிளம்புவதில்லை. சில முந்தும், சில பின்தங்கும். வெளிச்சம் அதிகமானால் எலெக்ட்ரான்கள் நெருக்கத்தில் ஒன்றையொன்று தள்ளி, கூட்டமே நீண்டுவிடும். அதனால் வேகமான அளவு வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் ஒரு துடிப்பில் ஒன்றும் தெரியாது. கோடிக்கணக்கான துடிப்புகளைத் துளி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டும். ஸ்ட்ரீக் கேமராவோடு வேலை செய்கிறவரின் பாதி நாள் இந்த ‘ட்ரிக்கர்’ சரிக்கட்டுவதிலேயே போய்விடும்.

இந்தக் கருவி வந்தபிறகு, ராமனின் இன்னொரு பழைய தலைவலியைப் பிக்கோ விநாடிக் கண்ணால் பார்க்க முடிகிறது. 1923-இல் கல்கத்தாவில் கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் ஒளிச் சிதறலை ஆராயும்போது நிறம் மாறிய மங்கலான ஒரு வெளிச்சத்தைக் கண்டார். தண்ணீரில் ஏதோ அழுக்கு, அதன் ஒளிர்வாக இருக்கும் என்று எண்ணி வடித்து வடித்துப் பார்த்தார். அந்த வெளிச்சம் போகவில்லை. வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனும் பிறகு அதைப் பல திரவங்களில் பார்த்தார். ஐந்து வருஷம் ‘பலவீனமான ஒளிர்வு’ என்ற பெயரிலேயே அது கிடந்தது. அது வெறும் ஒளிர்வு இல்லை என்று காட்டிக்கொடுத்த தடயங்களில் முக்கியமானது அதன் தளவிளைவு. சாதாரண ஒளிர்வுக்கு அப்படி இருக்காது. அதுதான் ராமன் சிதறல் என்று தெளிவான 1928 பிப்ரவரி 28-ஐ இன்று அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஒளிர்வுக்கும் ராமன் சிதறலுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் நேரம். ஒளிர்வு என்றால் மூலக்கூறு ஒளியை விழுங்கி, சில நானோ விநாடி வைத்திருந்து, பிறகு விடுகிறது. ராமன் சிதறல் ஒரு பிக்கோ விநாடிக்குள் முடிந்துவிடும். பிளவுக்கு முன்னால் ஒரு நிறமாலைக் கருவியை வைத்துவிட்டால், திரையில் குறுக்கே நிறம், நெடுக்கே நேரம். ராமன் கோடுகள் உச்சியில் குட்டையான வரிகளாக விழுந்து மறைகின்றன. ஒளிர்வு அதற்குக் கீழே நீளமாக இழுபட்டு மங்கிக்கொண்டே போகிறது. ராமநாதனின் மேசையில் இப்படியொரு திரை இருந்திருந்தால் அழுக்கென்ற சந்தேகம் ஒரு சாயங்காலத்தில் தீர்ந்திருக்கும். சாயமோ எண்ணெயோ கலந்த மாதிரிகளில் ஒளிர்வு ராமன் கோடுகளை மூழ்கடிக்கும் என்பதால், நேரத்தைக் கொண்டு பிரிக்கும் இந்த முறைக்கு இன்றும் கிராக்கி இருக்கிறது.

ஒரே கோடுதான் பார்க்க முடியும் என்ற குறையை 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நாசிக்காரர் ரமேஷ் ரஸ்கரும் ஆண்ட்ரியாஸ் வெல்டனும் குறுக்குவழியில் தாண்டினார்கள். கண்ணாடியைத் துளித்துளியாகத் திருப்பிக் கோடு கோடாகப் படம் எடுத்து, கடைசியில் கணினியில் சேர்த்தார்கள். சோடா பாட்டிலுக்குள் ஒளித் துடிப்பு ஒன்று மூடியை நோக்கி ஊர்ந்து போகும் அந்த வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு காட்சி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். உலகத்தின் அதிவேக கேமராக்களில் இதுதான் படு மெதுவானது என்று ரஸ்கரே கிண்டலடித்தார். 2014-இல் லிஹாங் வாங்கின் குழு பிளவை அகலத் திறந்து, உள்ளே விடும் காட்சிக்குப் புள்ளி முத்திரை குத்தி, ஒரே துடிப்பில் முழுப் படத்தையும் கணக்குப் போட்டு மீட்டது. விநாடிக்குப் பத்தாயிரம் கோடி சட்டகம்.

ரஸ்கர் குழுவின் 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் துணிச்சலானது. சுவர் மறைவில் ஒரு மனித பொம்மை. லேசர் எதிரே தெரியும் சுவரில் அடிக்கிறது. அங்கிருந்து சிதறிய ஒளி மறைவுக்குள் போய் பொம்மையில் பட்டு, திரும்பவும் சுவருக்கு வந்து, கேமராவுக்குள் நுழைகிறது. எந்தத் துளி எத்தனை பிக்கோ விநாடி தாமதமாக வந்தது என்பதைக் கொண்டு, கண்ணுக்கே தெரியாத பொம்மையின் உருவத்தை வரைந்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் அசோக் வீரராகவன், சென்னை ஐ.ஐ.டி.யில் 2002-இல் பி.டெக். முடித்து, இப்போது ரைஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இன்னொருவர் மௌங்கி பவேண்டி. 2023-இல் வேதியியல் நோபல் பெற்றவர். பளிச்சுக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணி, பீரங்கியின் தூரத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டார் கோல்டிங்ஹாம். இவர்களுக்கு வேகம் தெரியும், தாமதத்திலிருந்து தூரம் வருகிறது. கணக்கு ஒன்றேதான்.

சென்னையிலேயே இந்த வேலை நடக்கிற இடம் தரமணி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் அங்கே இருக்கிறது. பிக்கோ விநாடி, ஃபெம்டோ விநாடி லேசர்களைக் கொண்டு, ஒளி விழுங்கிய மூலக்கூறு என்ன செய்கிறது என்று வேதியியலாளர்கள் பார்க்கிறார்கள். அங்கே பெரிதும் பயன்படுவது ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் முறை: ஒரு துடிப்புக்கு அதிகபட்சம் ஒரு ஃபோட்டான், அது எப்போது வந்தது என்று குறி, லட்சக்கணக்கான தடவை திரும்பச் செய், வரைபடம் போடு. கோட்டைப் பீரங்கியை நாள்தோறும் எண்ணிச் சராசரி கண்டவருக்கு இந்த முறை உடனே புரிந்திருக்கும்.

ஒரு வேண்டுகோள். தீயின் மூன்று மில்லி விநாடியைப் பற்றி இந்தப் பக்கத்தில் அதிகம் தெரிந்தவர்கள் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளின் என்ஜின் டெஸ்ட் பெட்டிலும், மணலியின் ஆக்டேன் சோதனைக்கூடத்திலும் ஷிஃப்ட் பார்த்தவர்கள். அவர்களில் பலர் ஓய்வுபெற்று இதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். டைமிங், நாக்கிங், எரிபொருள் பற்றிய லாக் புக், கைக்குறிப்பு, போட்டோ எது வீட்டில் இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இந்தத் தொடருக்கு ஒரு வரி எழுதுங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம், நகல் போதும். அடுத்த இதழில் 1881-இன் புதுத் துறைமுகமும், அதே வருஷப் புயல் அதை என்ன செய்தது என்பதும்.

(தொடரும்)